ஆர்கே05 டிஸ்க் டிரைவ்: ஓட்டிப் பார்க்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1970-களில் டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்) நிறுவனம் தன் பிடிபி-8, பிடிபி-11 கணினிகளுக்காகச் செய்த ஆர்கே05 டிரைவ்கள் இன்றும் அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் இருக்கின்றன. தரவைச் சேமிப்பது, டிரைவில் போட்டு எடுக்கும் கார்ட்ரிட்ஜ் என்ற பெட்டி. அதற்குள் ஒரே ஒரு 14 அங்குல அலுமினியத் தட்டு. கொள்ளளவு சுமார் 2.5 மெகாபைட். நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழலும்போது தட்டின் விளிம்பு மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடும். அதன்மேல் சில மைக்ரான் உயரமே உள்ள காற்றுப் படலத்தில், தரவைப் படித்து எழுதும் ஹெட் மிதக்கிறது. அந்தப் படலம் கெட்டால் தட்டும் போச்சு, ஹெட்டும் போச்சு.

வாங்கி வந்ததும் பிளக்கைச் செருகிப் பார்ப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. காற்றுப் பாதையில் உள்ள ஃபோம் இத்தனை ஆண்டுகளில் பொடிந்திருக்கும். மோட்டார் சுழன்றதும் அந்தப் பொடி நேரே தட்டுக்குப் போகும். பழைய ஃபோமைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள், ஃபில்டரையும் பாருங்கள்.

அடுத்தது பேட்டரி. மின்சாரம் திடீரென நின்றால் ஹெட்டைப் பின்னுக்கு இழுப்பது ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரிதான். அது செத்திருந்தால், வேகம் குறையும் தட்டின்மேல் ஹெட் உரசும். 1973-இல் வந்த ஐபிஎம் 3340 என்ற டிஸ்க் டிரைவில் ஹெட் தட்டிலேயே இறங்கி நிற்கலாம். அதற்கென்றே தட்டில் எண்ணெய்ப் பூச்சு உண்டு. ஆர்கே05-இல் அந்தப் பேச்சே இல்லை.

எல்லாவற்றையும்விடக் கொடிய தவறு, கார்ட்ரிட்ஜ் படிக்கவில்லை என்று அதையே அடுத்த டிரைவில் போட்டுப் பார்ப்பது. உரசிய தட்டில், தரவு பதியும் ஆக்சைடு பூச்சு பெயர்ந்து மேடு தட்டியிருக்கும். அது அடுத்த டிரைவின் ஹெட்டைக் கெடுக்கும். கெட்ட ஹெட் அதன்பின் வரும் நல்ல தட்டுகளைக் கீறும். கீச்சென்றோ கணகணவென்றோ சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். தட்டின் இரு பக்கமும் உள்ள இரண்டு ஹெட்டின் முகத்தையும் சிறு கண்ணாடி வைத்து விளக்கொளியில் பாருங்கள். பழுப்புப் படிவு தெரிந்தால், நூல் பிரியாத துணியில் 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். கத்தி, உப்புத்தாள் கூடவே கூடாது. ஹெட்டில் கீறல் இருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும்.

ஹெட் அலைன்மென்ட்டில், அதாவது ஹெட்டைச் சரியான தடத்தில் நிறுத்துவதில், அவசரப்படாதீர்கள். டிராக்குகளுக்கு (தரவு பதியும் வட்டத் தடங்களுக்கு) இடையே 0.25 மி.மீ.தான். 5 டிகிரி வெப்பம் கூடினாலே அலுமினியத் தட்டின் விளிம்பு 20 மைக்ரான் வரை விரியும். அதனால், சரியான தடம் பதிந்த அலைன்மென்ட் கார்ட்ரிட்ஜைப் போட்டு அரை மணி நேரமாவது ஓடவிட்ட பிறகே திருகைத் தொடுங்கள். அதே டிரைவில் எழுதிய பழைய கார்ட்ரிட்ஜ்கள் கையில் இருந்தால், முதலில் அவற்றைப் படித்து நகலெடுத்துவிடுங்கள். டிரைவ் தடம் விலகியிருந்தால் அவற்றின் தரவும் அதே விலகலோடுதான் பதிந்திருக்கும். சரிசெய்த பிறகு அவை படிக்காமல் போகலாம்.