இலை காய வைக்கிறதுல எங்க சொதப்புறோம்?

புதினா, துளசி, ரோஸ்மேரி காய வைக்கிறதுல என்ன பெரிய வித்தைன்னு நினைச்சு நேரா சுள்ளுன்னு அடிக்கிற வெயில்ல கொட்டிடுறாங்க, சாயங்காலம் மொறுமொறுன்னுதான் இருக்கும், ஆனா மோந்து பாத்தா வெறும் வைக்கோல் வாசனை. இலைக்கு மணமே அதுல இருக்கற எண்ணெய்தான், வெயில்லயும் சூட்டுலயும் அது ஆவியாகிடும், கலரும் வெளுத்துடும். நிழலும் காத்தோட்டமும் போதும். டீஹைட்ரேட்டர் (காய வைக்கிற மெஷின்), ஓவன் இருந்தா 40 டிகிரி செல்சியஸ் பக்கத்துல வைங்க, சீக்கிரம் ஆகட்டும்னு 100ல வெச்சா வீடே கமகமன்னு மணக்கும், அவ்ளோவும் இலைய விட்டு போன மணம்தான்!

பறிக்கிறது காலைல, பனி ஈரம் காஞ்சதும், பூ விடறதுக்கு முன்னாடி. கழுவினா துணில நல்லா ஒத்தி எடுத்துடுங்க. அப்புறம் பெரிய பெரிய கொத்தா கட்டி தொங்க விடறது, நடுவுல காத்தே போகாது, உள்ள கறுத்துப் போயிடும், அதுவும் புதினா மாதிரி தண்ணி சத்து ஜாஸ்தி உள்ளதுக்கு 5, 6 தண்டு போதும். நூலுக்கு பதிலா ரப்பர் பேண்ட் போடுங்க, தண்டு காஞ்சு சுருங்கும்போது நூல் லூஸாகி ஒண்ணொண்ணா கீழ விழுந்துட்டே இருக்கும்.

இதெல்லாம் கூட பரவால்ல, மொத்தமா பாழாகுறது பாட்டில்ல போடற அவசரத்துலதான். இலை காஞ்சிருக்கும், தண்டுக்குள்ள ஈரம் இருக்கும். இலைய விரல்ல கசக்கினா பொடியணும், தண்ட வளைச்சா டக்குன்னு ஒடியணும், வளைஞ்சு குடுத்தா இன்னும் காயலன்னு அர்த்தம். பாட்டில்ல போட்டப்புறமும் ஒரு வாரம் தினம் பாருங்க, கண்ணாடி உள்பக்கம் லேசா வேர்த்திருந்தா உடனே வெளிய எடுத்து திரும்ப உலத்துங்க. பூஞ்சை வந்துடுச்சுன்னா அந்த இலைய மட்டும் பொறுக்கிப் போட்டா ஆகாது, மொத்தத்தையும் கொட்டிடுங்க.

முன்னாடியே பொடி பண்ணி வைக்காதீங்க, முழு இலையா வெச்சு தேவைப்படும்போது கசக்கினாதான் மணம் நிக்கும். அடுப்புக்கு மேல இருக்கற ஷெல்ஃப் அழகுக்கு ஓகே, இலைக்கு ஆகாது. பேரும் தேதியும் எழுதி ஒட்டிடுங்க, காஞ்சப்புறம் பாதி இலை பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். கொத்தமல்லிய காய வைக்கிறது வேஸ்ட், மணமே நிக்காது, ஃப்ரீசர்ல வைங்க. சமைக்கும்போது பச்சை இலை போடற அளவுல மூணுல ஒரு பங்கு காஞ்சது போதும்.

துணி மணக்க காஞ்ச இலைய பீரோல வைக்கணும்னா, இலைய அப்படியே துணி நடுவுல தூவாதீங்க, மெல்லிசான காட்டன் பையில போட்டு வைங்க, மணம் குறைஞ்சா பைய கையால கசக்கி விடுங்க, அப்பவும் வரலன்னா செடிக்கடில கொட்டிட்டு புதுசு போட்டுக்கலாம்.