உங்களிடம் இருப்பது எந்த அவுட்லுக்?

படிக்கும் பகுதியைக் காணோம், எழுத்து திடீரென்று பொடியாகிவிட்டது, தமிழ் இருந்த இடத்தில் ஏதேதோ குறிகள் வருகின்றன. இப்படி யாராவது மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக் பற்றிக் கேட்டால், முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த அவுட்லுக்? இணையத்தில் தேடிப் பிடித்த வழிமுறை பலருக்குக் கைகொடுக்காமல் போவது இங்கேதான். வழிமுறையில் தப்பு இருக்காது; அது வேறு ஒரு மென்பொருளுக்காக எழுதியதாக இருக்கும்.

விண்டோஸ் எக்ஸ்பி வரை இருந்தது அவுட்லுக் எக்ஸ்பிரஸ். மைக்ரோசாஃப்ட் ஆபீஸுடன் வந்த அவுட்லுக்குக்கும் அதற்கும் பெயரைத் தவிர பெரிய ஒட்டுறவு இல்லை. விஸ்டாவில் அதன் இடத்துக்கு விண்டோஸ் மெயில் வந்தது. விண்டோஸ் 7-இல் மெயில் மென்பொருளே கிடையாது. விண்டோஸ் லைவ் மெயிலைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கான ஆதரவு 2017 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 8-லும் 10-லும் 'மெயில்' என்ற இன்னொரு செயலி வந்தது. அதை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டு, பயன்படுத்தியவர்களை 'புதிய அவுட்லுக்'குக்கு நகர்த்தியது. ஆபீஸுடன் வரும் பழைய அவுட்லுக்குக்கு இப்போது 'கிளாசிக்' என்று பெயர். போதாக்குறைக்கு, பிரவுசரில் திறக்கும் அவுட்லுக்.காம் வேறு இருக்கிறது. அது பழைய ஹாட்மெயில்.

இன்றைக்குக் குழப்பம் பெரும்பாலும் கிளாசிக்குக்கும் புதியதற்கும் இடையில்தான். ஒரே கணினியில் இரண்டும் இருக்கலாம், ஒரே நேரத்தில் திறந்தும் இருக்கலாம். சந்தேகமே இல்லாமல் தெரிந்துகொள்ள கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டீடெய்ல்ஸ் பக்கத்தைப் பாருங்கள். 'அவுட்லுக்' என்று முழுப் பெயரில் ஓடினால் கிளாசிக். ஓ, எல், கே என்று மூன்றே எழுத்தில் ஓடினால் புதியது. புதியது பிடிக்கவில்லை என்றால், ஆபீஸ் அவுட்லுக் ஏற்கெனவே நிறுவியிருக்கும் பட்சத்தில், ஹெல்ப் டேபில் கிளாசிக்குக்குத் திரும்பும் பொத்தான் இருக்கும். கிளாசிக்கின் வலது மேல் மூலையில் புதியதை முயன்று பார்க்கச் சொல்லும் சுவிட்சைக் கை தவறித் தட்டித்தான் பலர் இந்தப் பக்கமே வந்து சேர்ந்திருப்பார்கள்.

மெயில் முகவரியையும் மென்பொருளையும் ஒன்றாக எண்ண வேண்டாம். ஹாட்மெயில் முகவரியை தண்டர்பேர்டு என்ற வேறொரு மெயில் மென்பொருளில் படிக்கலாம், ஜிமெயிலைக் கிளாசிக் அவுட்லுக்கில் படிக்கலாம். ஆனால் ஜிமெயில் போன்ற வெளிக் கணக்கைப் புதிய அவுட்லுக்கில் சேர்த்தால், அந்த மெயில்களின் நகல் மைக்ரோசாஃப்ட் சர்வரிலும் சேமிக்கப்படும். அலுவலகக் கடிதங்கள் இருக்கும் கணக்கு என்றால், ஒப்புக்கொள்வதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

இனி தோற்றக் கோளாறுகள். முதலில் கிளாசிக்.

படிக்கும் பகுதி மறைந்தால் வியூ டேபில் ரீடிங் பேன், அதில் ரைட் அல்லது பாட்டம். மேலே உள்ள பட்டைகள் சுருங்கிப்போனால் கண்ட்ரோலுடன் எஃப்1. இவை இரண்டும் ஒரு நிமிட வேலை. மெயில்களே காணாமல் போனதுபோல் தோன்றுவதுதான் ஆட்களைப் பதற வைக்கும். எதையும் மீட்கப் போவதற்கு முன், ஜன்னலின் அடிப்பட்டையில் 'ஃபில்டர் அப்ளைடு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மெயில் எங்கும் போகவில்லை, வடிகட்டி மறைத்து வைத்திருக்கிறது. வியூ செட்டிங்ஸ், ஃபில்டர், கிளியர் ஆல். அதுவும் இல்லையென்றால் பட்டியலின் தலைப்பைப் பாருங்கள்: தேதிக்குப் பதில் அனுப்பியவர் பெயரால் வரிசையாகியிருந்தால் இன்று வந்த மெயில் எங்கோ நடுவில் கிடக்கும். மெயில்களை முக்கியமானவை, மற்றவை என்று இரண்டாகப் பிரிக்கும் ஃபோகஸ்டு இன்பாக்ஸ் ஓடினால் 'அதர்' பக்கத்தையும் ஒருமுறை புரட்டுங்கள்.

நேற்று ஒரு வரியில் இருந்த பட்டியல் இன்று இரண்டு மூன்று வரியாக மடங்கிவிட்டது என்பது அடிக்கடி வரும் கேள்வி. எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். பட்டியலின் அகலம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் கிளாசிக் தானாகவே மடித்துக் காட்டும். சின்னத் திரைக்கு மாறினாலோ, நடுக்கோட்டைச் சற்று நகர்த்தினாலோ போதும். வியூ செட்டிங்ஸில் அதர் செட்டிங்ஸ் போய், எப்போதும் ஒரே வரி என்ற விருப்பத்தைத் தேர்ந்தால் பிறகு மடங்காது. பட்டியல் எழுத்தின் அளவும் அதே இடத்தில் ரோ ஃபாண்ட் என்ற பொத்தானில் இருக்கிறது. இந்த மாற்றங்கள் திறந்திருக்கும் ஃபோல்டருக்கு மட்டும்தான். மற்றவற்றுக்கும் பரப்ப, சேஞ்ச் வியூவில் உள்ள 'அப்ளை கரண்ட் வியூ டு அதர் மெயில் ஃபோல்டர்ஸ்' வேண்டும்.

மெயிலின் உள்ளடக்கம் மட்டும் பெரிதாகவோ பொடியாகவோ தெரிந்தால், கண்ட்ரோலை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டியிருப்பீர்கள். வலது கீழ் மூலையில் உள்ள சதவீதத்தைச் சொடுக்கி 100 ஆக்கி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும் கட்டத்தையும் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மெயிலில் பழைய கதைதான்.

எதற்கும் மசியாத ஃபோல்டருக்கு வியூ டேபிலேயே ரீசெட் வியூ இருக்கிறது. அது மங்கிப்போய் அழுத்த முடியாமல் இருந்தால், அந்தத் தோற்றத்தில் மாற்றமே நடக்கவில்லை என்று பொருள், கோளாறு வேறிடத்தில். அப்போது அவுட்லுக்கை மூடிவிட்டு, கண்ட்ரோலை அழுத்திப் பிடித்தபடி ஐகானைத் திறந்தால் ஆட்-இன் எனும் துணைச் செயலிகள் இல்லாமல் ஓடும் சேஃப் மோடுக்குப் போகலாமா என்று கேட்கும். அதில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தால் ஏதோ ஒரு ஆட்-இன்தான் குற்றவாளி. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போய், காம் ஆட்-இன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். இரண்டு திரை வைத்திருப்பவர்களுக்கு ஒன்றில் மட்டும் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் ஆட்-இன் பக்கமே போக வேண்டாம். ஆப்ஷன்ஸில் ஜெனரல் பக்கத்தில் 'ஆப்டிமைஸ் ஃபார் கம்பாட்டிபிலிட்டி' தேர்ந்து, அவுட்லுக்கை மூடித் திறக்க வேண்டும்.

புதிய அவுட்லுக்கில் இந்த மெனுக்களைத் தேடிப் பயனில்லை. பற்சக்கர ஐகான், மெயில், லேஅவுட் என்று போனால் ஃபோகஸ்டு இன்பாக்ஸ், படிக்கும் பகுதி, உரையாடலாக அடுக்குவது எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். காம் ஆட்-இன்களை அது ஏற்பதே இல்லை, அதனால் அந்தச் சந்தேகம் தேவையில்லை. திரை வெறுமையாக நின்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் செயலிகள் பட்டியலுக்குப் போய், அவுட்லுக்கின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முதலில் ரிப்பேர், சரியாகாவிட்டால் ரீசெட்.

ஒரே விளம்பர மெயில் புதியதில் அழகாகவும் கிளாசிக்கில் கோணல்மாணலாகவும் தெரிவதற்கு உங்கள் கணினி காரணமில்லை. 2007 பதிப்பிலிருந்து கிளாசிக் அவுட்லுக் எச்டிஎம்எல் (இணையப் பக்கங்களின் வடிவம்) மெயிலை வேர்டின் இன்ஜினைக் கொண்டு வரைகிறது. புதியது எட்ஜ் பிரவுசரின் இன்ஜினை வைத்து வரைகிறது. கிளாசிக்கில் மெயிலைத் தனி ஜன்னலில் திறந்து, ஆக்‌ஷன்ஸில் உள்ள வியூ இன் பிரவுசரைப் பயன்படுத்துங்கள்.

தமிழ் எழுத்துக் கோளாறை, வரும் குப்பையின் சாயலை வைத்தே பிரிக்கலாம். சின்ன ஆங்கில ஏ எழுத்தின் தலையில் சாய்ந்த கோடு, அதையடுத்து வட்டத்துக்குள் ஆர், பிறகு இன்னொரு குறி என்று மூன்று மூன்றாக வந்தால் அது யூடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் (என்கோடிங்) வந்த தமிழ். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். மேற்கு ஐரோப்பிய முறையில் படித்தால் ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகிவிடும். கிளாசிக்கில் தனி ஜன்னலில் திறந்து ஆக்‌ஷன்ஸ், அதர் ஆக்‌ஷன்ஸ், என்கோடிங் போய் யூனிகோட் யூடிஎஃப்-8 தேர்ந்தால் சரியாகும். நீங்கள் அனுப்புவது மற்றவர்களுக்கு இப்படித் தெரிந்தால் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பக்கத்தின் இன்டர்நேஷனல் பகுதியில் அனுப்பும் மெயிலுக்கும் அதையே வையுங்கள்.

'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாக வந்தால் அது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் அடித்தது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தவர்களிடமும் இன்னும் புழங்குகிறது. என்கோடிங்கை மாற்றி எதுவும் ஆகாது. பாமினியை நிறுவுங்கள், அல்லது யூனிகோட் மாற்றியில் ஒட்டி மாற்றுங்கள். வெறும் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை: விண்டோஸ் 10-இல் நிர்மலா யூஐ எழுத்துரு கூடவே இருக்கும், லதாவும் விஜயாவும் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் வழியாகச் சேர்க்க வேண்டியவை. எல்லாம் கேள்விக்குறி என்றால் அனுப்பும்போதே எழுத்து அழிந்துவிட்டது. மறுபடி அனுப்பச் சொல்வதைத் தவிர வழியில்லை.

வாக்கிய முடிவில் தனியாக ஒரு ஆங்கில ஜே நின்றால் பயப்பட வேண்டாம். எழுதியவர் கிளாசிக்கில் சிரிப்புக் குறி தட்டியிருப்பார். அது விங்டிங்ஸ் எழுத்துருவில் ஜே இருக்கும் இடத்தில் உள்ள முகமாக மாறியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஜே மட்டும் மிஞ்சும். இணைப்புக்குப் பதில் வின்மெயில்.டேட் என்ற கோப்பு வருவதும் கிளாசிக்கின் வேலைதான். அனுப்புபவர் ரிச் டெக்ஸ்ட் என்ற மெயில் வடிவத்தை விட்டு எச்டிஎம்எல்லுக்கு மாற வேண்டும். பெறுபவர் எந்த செட்டிங்கைத் தட்டியும் பிரயோசனமில்லை.

தண்டர்பேர்டு பயன்படுத்துபவர்கள் இவ்வளவு சுற்ற வேண்டாம். படிக்கும் பகுதி மறைந்தால் எஃப்8. மெனு பட்டையைக் காணோமென்றால் ஆல்ட். 2023-இல் வந்த 115-ஆம் பதிப்பிலிருந்து பட்டியலுக்கு அட்டை, அட்டவணை என்று இரண்டு தோற்றம் உண்டு. பட்டியலின் மேல்மூலை ஐகானில் மாற்றிக்கொள்ளலாம். எழுத்து குழம்பினால் வியூ மெனுவில் ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்.