‘நானே பார்த்துக்கிறேன்’ என்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் பனியன் கம்பெனியில் புதிதாக ஒரு லைன் சூப்பர்வைசர் சேர்ந்தார். டிப்ளமோ முடித்த இளைஞர். வேலையில் உண்மையான அக்கறை உண்டு. சேர்ந்த மூன்றாம் நாள் பார்க்கிறேன், பனியன் ஓரத்தை மடித்துத் தைக்கும் பேட்லாக் மெஷினில் இருக்கும் அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு பீஸுக்கும் “இன்னும் கொஞ்சம் உள்ள வாங்கக்கா, கொஞ்சம் மெதுவாங்கக்கா” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த அக்கா பதினெட்டு வருடமாக பேட்லாக் அடிப்பவர். திருப்பூரில் 2006-ல் நான் சூப்பர்வைசரானபோது இதே மாதிரிதான் நின்றேன். அன்றைக்கு என்னைத் தள்ளிக் கூட்டிப்போய் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோர் முன்னாலும் திட்டக் கூடாது, லீவு கேட்டால் முகம் சுளிக்கக் கூடாது என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது அக்கறையினால் நடக்கும் தவறுகளை. இவற்றைத் திருத்துவதுதான் கஷ்டம். செய்கிறவருக்கு அது தவறாகவே தோன்றாது.

முதுகுக்குப் பின்னால் நிற்பது

தையலுக்கு ஒரு ஓட்டம் உண்டு. கால் பெடலை எவ்வளவு அழுத்த வேண்டும், கை துணியை எவ்வளவு விட வேண்டும் என்று பழகிய டெய்லர் யோசிப்பதில்லை. பின்னால் ஆள் நின்றால் யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார். ஒன்று கால் தளரும், இல்லாவிட்டால் பதற்றத்தில் வேகம் கூடித் தையல் வளையும். தைத்து முடிந்த பண்டிலை, அதாவது பீஸ் கட்டைப் பாருங்கள். கையைப் பார்க்காதீர்கள்.

என் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகரக் கூடாது என்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். வருடங்கள் போயும் இது என்னை விடவில்லை.

2013-ல் ஒரு நேவி ப்ளூ ரவுண்ட் நெக் டீ-ஷர்ட் ஆர்டர் வந்தது. அதற்கு முந்தைய ஆர்டரில் ஷேடு, அதாவது நிறச் சாயல் மாறிப்போய், சரக்கு வாங்கும் பையரிடம் நன்றாகப் பேச்சு வாங்கியிருந்தேன். அந்த வேகத்தில் ஒரு உத்தரவு போட்டேன். உடம்புப் பகுதிக்கான பாடி துணியும் கழுத்துப் பட்டைக்கான ரிப்பும் நான் பார்த்து, ரோல் ஸ்டிக்கரில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கட்டிங் டேபிளில் விரிக்க வேண்டும். தையல், செக்கிங், பேக்கிங் என்று எல்லாவற்றுக்கும் அதே விதி.

முதல் வாரம் எல்லாம் என் பிடிக்குள் வந்துவிட்டது போலிருந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து என் மேஜை முன்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நான் சாயம் போடும் டையிங்குக்குப் போனால் கட்டிங் டேபிள் சும்மா கிடக்கும். பையரோடு பேச உட்கார்ந்தால் பேக்கிங் நிற்கும். பகலில் பார்க்க முடியாததை எல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் மொத்தமாக உட்கார்ந்து பார்ப்பேன்.

ஷேடு தெரிந்தவர்களுக்கு இந்த இடத்திலேயே புரிந்திருக்கும். அந்த ஆர்டரில் ரிப் குறைந்துபோய், தனி லாட்டாக, அதாவது வேறொரு தடவையில், சாயம் போட்டு வாங்கியிருந்தோம். பாடியும் ரிப்பும் ஒரே லாட்டில் சாயம் ஏறினால் பெரிய பயமில்லை. லாட் மாறி, நிறத்தைக் கொண்டுவந்த சாயக் கலவையும் மாறினால், ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு துணி இன்னொரு வெளிச்சத்தில் தனித்தனியாகத் தெரியும். அதற்காகத்தான் லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று வேறு வேறு விளக்குகள் இருக்கின்றன. எங்களிடமும் லைட் பாக்ஸ் இருந்தது. அன்றைக்கு முப்பதுக்கு மேல் ரோல் காத்திருந்தது. டியூப்லைட்டில் பார்த்தேன், ஒன்றாகத்தான் தெரிந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் கட்டிங் மாஸ்டர் துணியை விரித்தார். எங்கள் கட்டிங் டேபிளுக்குக் கிழக்குப் பக்கம் பெரிய ஜன்னல். ரிப் லேசாகச் சிவப்படிக்கிறது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருபது வருடம் துணி பார்த்த கண். ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தார். என் கையெழுத்து இருந்தது. வெட்டிவிட்டார். நெக் ஏற்றிய டெய்லருக்கும் தெரிந்திருக்கிறது. செக்கிங்கில் இருந்த இரண்டு பெண்களும் கவனித்திருக்கிறார்கள். 3,200 பீஸ் பேக்கிங் முடிந்து, பையர் தரப்பிலிருந்து இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் முதல் பெட்டியைத் திறந்து, ஒரு பீஸை எடுத்துக்கொண்டு நேராக வாசல் வெளிச்சத்துக்குப் போனார். அதோடு முடிந்தது.

பனியன் துணியில் தைத்ததைப் பிரித்துத் தைப்பது லேசான வேலையில்லை. ஊசித் துளை தெரியும், கழுத்து இழுபட்டுப் போகும். பிரித்ததில் நிறைய பீஸ் தேறவில்லை. புது ரிப் வந்து, மறுபடி வெட்டி, மறுபடி தைத்து முடிப்பதற்குள் தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய தேதி தாண்டிவிட்டது. சரக்கு விமானத்தில் போனது. அந்தக் கூலி எங்கள் தலையில்.

பணத்தைவிட என்னைச் சுட்டது மாஸ்டர் சொன்ன பதில்.

“ஏன் மாஸ்டர், பார்த்தப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கையெழுத்துப் போட்டிருந்தீங்களே. அதுக்கு மேல நான் என்னங்க சொல்றது?”

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். யோசித்துப் பார்த்தால், அந்த உத்தரவு போட்ட புதிதில் அவர் இரண்டு தடவை வந்து ஷேடு சந்தேகம் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு தடவையும் “நான் பார்த்துட்டேன் மாஸ்டர், நீங்க வெட்டுங்க” என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது தடவை அவர் வரவில்லை.

ஒருவர் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்று தெரிந்தவுடன் மற்றவர்கள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்ல முடியாது. பார்த்துப் பயனில்லை என்று நாம்தான் அவர்களுக்குப் பழக்கியிருக்கிறோம். கட்டிங், தையல், செக்கிங் என்று நாலைந்து ஜோடிக் கண்கள் இருந்த இடத்தில், ராத்திரி களைத்துப்போன ஒரு ஜோடிக் கண்ணை வைத்தேன். அதைத் தரக் கட்டுப்பாடு என்று நம்பிக்கொண்டும் இருந்தேன். இன்றைக்கும் யாராவது “என் பார்வை படாம ஒரு பீஸ்கூட வெளிய போகாது” என்று பெருமையாகச் சொன்னால் எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. சொல்கிறவர் நல்லவர் என்று தெரிந்தும் வருகிறது.

டொயோட்டாவின் கார் தொழிற்சாலைகளில் லைனில் நிற்கும் தொழிலாளியின் கைக்கு எட்டும்படி ஒரு கயிறு தொங்கும். ஏதோ சரியில்லை என்று தோன்றினால் அவர் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் வருவார். அந்தச் சுற்று வேலை முடிவதற்குள் சிக்கல் தீராவிட்டால் லைன் நின்றுவிடும். நிறுத்துகிற உரிமை முதலில் கண்ணில் பட்டவருக்கு. நான் செய்தது இதற்கு நேர் எதிர். ஓட்டுவதற்கு என் அனுமதி வேண்டும் என்று வைத்தேன், நிறுத்துவதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

இப்போது எங்களிடம் ஷேடு விஷயத்தில் கடைசி வார்த்தை கட்டிங் மாஸ்டருடையது. பாடியிலும் ரிப்பிலும் ஒரு துண்டு வெட்டி, லைட் பாக்ஸிலும் ஜன்னல் வெளிச்சத்திலும் பார்த்துவிட்டு அவரே விரிக்கிறார், சந்தேகமென்றால் அவரே நிறுத்துகிறார். சில நாள் அவர் நிறுத்தியது எனக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் தெரியவரும்.

அரைமணிக்கு ஒரு தரம் கணக்குக் கேட்பது

மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதும் மணிக்கணக்குப் போர்டு நல்லதுதான். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணிக்கொரு தரம் “எத்தனை ஆச்சு, எத்தனை ஆச்சு” என்று கேட்டால், போர்டில் ஏறும் எண் வேலையின் எண்ணாக இருக்காது. பாதி முடிந்த பண்டிலையும் சேர்த்துச் சொல்வார்கள். வேகமாகப் போன நேரத்தில் நாலு பண்டிலை அடியில் வைத்து, மந்தமான நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பார்கள். லைனில் எங்கே அடைப்பு என்று அந்தப் போர்டை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டிலும் இதைச் செய்திருக்கிறேன். ஊரில் தனியாக இருக்கும் என் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை. காலையில் ஒரு போன், மதியம் ஒரு போன், ராத்திரி ஒரு போன். ஒவ்வொரு தடவையும் முதல் கேள்வி “மாத்திரை போட்டீங்களாப்பா?” என்பதுதான். “போட்டாச்சு சாமி” என்பார். பொங்கலுக்குப் போனபோது அலமாரியில் பார்த்தால் இரண்டு அட்டை பிரிக்காமலே இருந்தது. மாத்திரை போட்டதும் தலை சுற்றுகிறது, அதனால் விட்டுவிட்டேன் என்றார். இத்தனை போனிலும் அதைச் சொல்ல அவருக்கு ஒரு இடைவெளி நான் கொடுக்கவில்லை. கேள்வி ஓய்வதற்கு என்ன பதில் வேண்டுமோ அதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் கூட்டிப்போனோம், அவர் அளவை மாற்றிக் கொடுத்தார். இப்போது ராத்திரி ஒரு போன்தான். தோட்டத்தில் தண்ணீர் எப்படி என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

கோட்டுக்கு வெளியே நின்று ஆடுவது

எங்கள் ஊர்க் கபடி டீமுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு ரெய்டுக்கு 30 நொடி. அதற்குள் மூச்சு விடாமல் பாடி, கோட்டைத் தாண்டி, ஆளைத் தொட்டுத் திரும்ப வேண்டும். புதிதாகக் கோச் ஆனவர்கள் அந்த 30 நொடியும் வெளியிலிருந்து கத்துகிறார்கள். “மூலையைப் பாரு! போனஸ் எடு! திரும்பு, திரும்பு!” காதில் விழுந்ததும் பையனின் பார்வை ஒரு கணம் வெளியே போகும். அந்த ஒரு கணம் போதும், மூலையில் நிற்பவன் கணுக்காலைப் பிடித்துவிடுவான்.

உலக அளவிலும் இந்த ஆசை இருந்திருக்கிறது. 1999 கிரிக்கெட் உலகக் கோப்பையில், மே 15 அன்று ஹோவ் மைதானத்தில் இந்தியாவோடு ஆடியபோது தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹான்சி குரோன்யேவும் ஆலன் டொனால்டும் காதில் கருவி மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். வெளியிலிருந்து பேசியவர் கோச் பாப் உல்மர். விதியில் அப்போது தடை இல்லை. ஆனாலும் மேட்ச் ரெஃப்ரீ கழற்றச் சொல்லிவிட்டார், பிறகு ஐசிசி தடையும் போட்டது. அந்த ஆட்டத்தில் ஜெயித்தது தென்னாப்பிரிக்காதான், அதனால் காதில் சொன்னால் தோற்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் கவலை வேறு. மைதானத்தில் எடுக்கிற முடிவெல்லாம் வெளியிலிருந்தே வந்தால், ஆடுகிறவன் முடிவெடுக்கப் பழகுவது எப்போது? என் பையன்களிடம் ரெய்டு முடிந்து திரும்பியதும் ஒரு கேள்வி கேட்பேன்: “என்னடா பார்த்த?” அவன் சொன்ன பிறகு நான் பார்த்ததைச் சொல்வேன்.

எப்படிச் செய்வது என்பதையும் சொல்வது

எத்தனை, எப்போது, எந்தத் தரம். இதோடு நிறுத்துங்கள்.

அடுத்தவர் வேலையைச் சொல்லாமல் திருத்தி வைப்பது

அவருக்குத் தவறு தெரியாமலே போகும். அடுத்த வாரமும் நீங்கள்தான் திருத்துவீர்கள்.

ஒரேயடியாகக் கைவிடுவது

நேவி ப்ளூ ஆர்டருக்குப் பிறகு நான் இந்தப் பக்கமும் தவறினேன். இனி எதிலும் தலையிடுவதில்லை என்று ஒதுங்கினேன். இரண்டு மாதம் கழித்து ஊசி ரிஜிஸ்டரைத் திறந்தால் ஒன்பது நாளாக ஒரு வரிகூட இல்லை. நாற்பது மெஷின் ஓடும் இடத்தில் ஒன்பது நாள் ஒரு ஊசிகூட உடையாமல் இருக்காது. உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி கொடுக்க வேண்டும். அப்போது ஓடிக்கொண்டிருந்தது கைக்குழந்தை உடுப்பு. பேக்கிங் ஆன பெட்டிகளை எல்லாம் திறந்து மெட்டல் டிடெக்டரில் மறுபடி ஓட்டினோம். ஒரு பாடி சூட்டின் தொடை மடிப்பில் ஊசி முனை இருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஷேடு தப்பினால் பணம் போகும், திரும்பச் சம்பாதிக்கலாம். இது அப்படியில்லை. கட்டிங் மெஷினில் புதிதாகக் கை வைப்பவரும் அப்படித்தான். இரும்பு வலைக் கையுறை மாட்டியிருக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கைமடி அக்கா துணியை எப்படி மடிக்கிறார் என்பதற்கு நிற்க வேண்டியதில்லை.

ஊசி ரிஜிஸ்டரை மட்டும் தினமும் சாயங்காலம் நானே புரட்டுகிறேன். இந்த மாதத்திலிருந்து அந்தப் புது சூப்பர்வைசரும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒட்டியிருக்கும் துண்டுகளைச் சேர்த்து ஊசி முழுதாக இருக்கிறதா என்று எண்ணுகிறார். பேட்லாக் அக்காவிடம் முடிந்த பண்டிலை எடுக்க மட்டும் போகிறார்.