ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் தளம் மாறித் திறந்தால் மோடத்தைத் தொடாதீர்கள்

மதுரை திருநகரில் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் மருமகனின் கல்லூரித் தளத்தைத் திறந்தால் பாதி படம்கூட இல்லாத ஏதோ ஒரு பழைய பக்கம் வந்தது. மச்சான் மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டார். கேபிள்காரருக்கும் இரண்டு முறை போன் போட்டாயிற்று. அக்காவின் செல்போனில் தளம் சரியாகத்தான் திறந்தது. மொபைல் டேட்டாவில் திறந்திருக்குமோ என்று அதை அணைத்து, வீட்டு வைஃபையில் மட்டும் பார்த்தேன். அப்போதும் சரி. அப்படியென்றால் கோளாறு லைனில் இல்லை, மேசைமேல் இருக்கிற பெட்டியில்.

அடுத்து நானே தவறினேன். கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையான கமாண்ட் ப்ராம்ப்ட்டில் என்எஸ்லுக்அப் அடித்தேன், ஒரு தளத்தின் பெயருக்கு எந்த ஐபி நம்பர் என்று காட்டும் கட்டளை அது. "சரியான நம்பர்தானடா வருது?" என்றார் மச்சான். பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். என்எஸ்லுக்அப், தளத்தின் பெயரைச் சொன்னால் நம்பரைச் சொல்கிற டிஎன்எஸ் சர்வரிடம் நேராகக் கேட்கும். எந்தப் பெயருக்கு எந்த நம்பர் என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே எழுதி வைக்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திரும்பியும் பார்க்காது. பிரவுசர் அப்படியில்லை, ஹோஸ்ட்ஸில் எழுதியிருந்தால் அதைத்தான் நம்பும். திருச்சி பஸ் மாட்டுத்தாவணியில் நிற்க, யாரோ எழுதிக் கொடுத்த சீட்டை நம்பி ஆரப்பாளையத்தில் போய் நிற்கிற ஆள் மாதிரி. விசாரித்தால் சரியாகச் சொல்வார்கள், அவர் விசாரிப்பதே இல்லை. பிரவுசரைப் போலவே ஹோஸ்ட்ஸைப் பார்க்கிற பிங் கட்டளையை அடித்ததும் வேறு நம்பர் வந்தது. சீட்டு எங்கோ இருக்கிறது!

விண்டோஸில் ஹோஸ்ட்ஸ் ஃபைல் சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி ஃபோல்டருக்குள் இருக்கும். திறந்தால் கல்லூரித் தளத்தின் பெயரோடு ஒரு வரி. தளத்தைப் புதுப்பித்த மாணவர் குழுவில் இருந்தபோது மருமகன் சோதனைக்காக எழுதி, மறந்துவிட்டது. நினைவில் வைத்த நம்பர்களை அழிக்கிற ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் கட்டளையை நூறு தடவை அடித்தாலும் இந்த வரி போகாது. வரிக்கு முன்னால் # போட வேண்டும், அப்போது விண்டோஸ் அதைப் படிக்காது. நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காவிட்டால் சேவ் ஆகாது, கவனக்குறைவாக .டிஎக்ஸ்டி என்ற வாலோடு சேவ் செய்தால் விண்டோஸ் அதைச் சீண்டவே சீண்டாது.

ஹோஸ்ட்ஸில் ஒன்றும் இல்லையா? ஐபிகான்ஃபிக் /ஆல் அடித்து டிஎன்எஸ் சர்வர் நம்பரைப் பாருங்கள். பெரும்பாலும் 192.168.1.1 போல ரவுட்டரின் நம்பர் இருக்கும். 8.8.8.8 என்றால் கூகுள், 1.1.1.1 என்றால் கிளவுட்ஃப்ளேர். பெரும்பாலும் யாரோ கையால் போட்டது. ஒரு பிரவுசரில் மட்டும் தகராறு என்றால் அதன் செட்டிங்கில் 'செக்யூர் டிஎன்எஸ்' இருக்கிறதா என்று பாருங்கள், விண்டோஸைக் கேட்காமல் தனியாக விசாரிக்கிற பழக்கம் அதற்கு உண்டு.

யாருக்கும் தெரியாத நம்பர் நின்றால் வைரஸைச் சந்தேகியுங்கள். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற வைரஸ், டிஎன்எஸ் நம்பரை மாற்றுகிற இந்த வேலையைத்தான் செய்தது. பறிமுதல் செய்த அதன் சர்வர்களுக்குப் பதிலாக வைத்திருந்த தற்காலிக சர்வர்களை 2012 ஜூலை 9 அன்று நிறுத்தினார்கள். அதுவரை சுத்தம் செய்யாத பல கம்ப்யூட்டர்களில் தளங்கள் திறக்கவில்லை. பேங்க் தளத்தில் சான்றிதழ் எச்சரிக்கை, அதாவது இது உண்மையான தளம்தானா என்று பிரவுசர் சந்தேகப்படுகிற எச்சரிக்கை வந்தால், 'பரவாயில்லை, போ' என்று மட்டும் அமுக்கிவிடாதீர்கள்.