ஒருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பது எப்படி?

ஒரே விலையுள்ள 4 நோட்டும் 15 ரூபாய்க்கு ஒரு பேனாவும் வாங்கினால் மொத்தம் 135 ரூபாய். ஒரு நோட்டு என்ன விலை? 15-ஐக் கழித்து, மீதி 120-ஐ நாலால் வகுத்து 30 என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். அதையே வரிவரியாக எழுதினால் அதுதான் சமன்பாட்டைத் தீர்ப்பது.

தெரியாத விலையை க என்று வைத்துக்கொள்வோம்.

4க + 15 = 135

4க என்றால் 4 × க. க², க³ என்று அடுக்கு எதுவும் இல்லாமல் வெறும் க மட்டும் வருவதால் இது ஒருபடிச் சமன்பாடு. நடுவில் உள்ள சமக்குறியை 1557-இல் அச்சில் கொண்டுவந்தவர் ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர். இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானது வேறெதுவும் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். அந்தச் சமம் கெடக் கூடாது என்பதுதான் இங்கே ஒரே விதி: இடப்பக்கம் எதைச் செய்கிறோமோ, அதை வலப்பக்கமும் செய்ய வேண்டும்.

முதலில் தனி எண்ணை நீக்குவோம். இருபுறமும் 15-ஐக் கழிக்க,

4க = 120

அப்புறம் இருபுறமும் 4-ஆல் வகுக்க,

க = 30

சரிபார்ப்போம்: 4 × 30 + 15 = 135. சரி.

"அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்று பலரும் சொல்லிக்கொடுப்பார்கள். கூட்டல், கழித்தல் வரை அது சரி. ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், 4க = 120 என்று வந்ததும் க = 120 − 4 = 116 என்று எழுதிவிடுகிறார்கள். 4 இங்கே பெருக்கிக்கொண்டு நிற்கிறது. கழித்தால் அது போகாது, வகுத்தால்தான் போகும். கை பழகும் வரை "இருபுறமும்" என்ற வரியை முழுதாக எழுதுவதே நல்லது என்பேன்.

க இரண்டு பக்கமும் இருந்தால்?

5க − 7 = 2க + 8

இருபுறமும் 2க-வைக் கழித்தால் 3க − 7 = 8. இருபுறமும் 7-ஐக் கூட்டினால் 3க = 15. ஆக, க = 5.

அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால்தான் கவனம் தேவை.

20 − 2(க − 3) = 10

−2 உள்ளே இருக்கும் இரண்டையும் பெருக்கும்: −2 × −3 = +6. இதை −6 என்று எழுதுவதுதான் வழக்கமான சறுக்கல்.

20 − 2க + 6 = 10
26 − 2க = 10
−2க = −16
க = 8

விடை பின்னமாக வந்தாலும் பயப்பட வேண்டாம். 3க = 7 என்றால் க = 7/3, அப்படியே விட்டுவிடலாம்.

இப்போது நீங்களே ஒன்று: 7 − 3(க + 1) = −8. விடை 4 வர வேண்டும். வராவிட்டால், அடைப்புக்குறியைப் பிரித்த வரியை முதலில் பாருங்கள்.