வீட்டுக்குள் இயற்கை மண்ணில் செடி வளர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறைக்குள், எல்இடி விளக்கின் கீழே, ரசாயன உரம் எதுவும் ஊற்றாமல் மிளகாய், தக்காளி, துளசி, கீரை எல்லாவற்றையும் நன்றாக வளர்க்கலாம். அப்படியும் முதல் முயற்சியிலேயே நிறைய பேருக்கு இலை மஞ்சளாகிறது, கொசு பறக்கிறது, பூ உதிர்கிறது. விதையும் மண்ணும் சரியாக இருக்கும். வெளித்தோட்டத்தில் செய்த பழக்கத்தையோ, பாட்டில் உரம் ஊற்றி வளர்த்த பழக்கத்தையோ அப்படியே உள்ளே கொண்டுவருவதுதான் பிரச்சினை.

இயற்கை மண்ணில் நாம் போடும் பிண்ணாக்கும் எலும்புத் தூளும் செடிக்கு நேராகப் போய்ச் சேருவதில்லை. பாக்டீரியாவும் பூஞ்சையும் அவற்றைச் சிதைக்க வேண்டும். அந்த நுண்ணுயிர்களை ஒற்றைச்செல் உயிர்களும் நூற்புழுக்களும் தின்று, மிச்சத்தைக் கழிவாக வெளியே விட வேண்டும். தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாறிய பிறகுதான் வேர் அதைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். வெளித்தோட்டத்தில் நாம் செய்யும் தவறுகளை மழையும் காற்றும் தேனீயும், பூச்சியைத் தின்னும் பூச்சியும் ஓரளவுக்குச் சரிசெய்துவிடும். அறைக்குள் அந்த உதவி எதுவும் இல்லை. கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசி இந்த இரண்டையும் மறப்பதால் வருபவை.

தொட்டியும் மண் கலவையும்

தோட்டத்து மண்ணை அள்ளித் தொட்டியில் நிரப்புவது முதல் தவறு. நிலத்தில் அதே மண்ணில் மண்புழு துளையிடும், ஆழமான அடுக்குகள் தண்ணீரைக் கீழே இழுக்கும். தொட்டிக்குள் அது சில வாரங்களில் இறுகிக் கட்டியாகிவிடும், வேருக்குக் காற்று போகாது. மூன்றில் ஒரு பங்கு தென்னை நார்த்தூள் அல்லது பீட் (சதுப்பு நிலத்தில் பாதி மக்கிய பாசி), ஒரு பங்கு நன்றாக மக்கிய கம்போஸ்ட், ஒரு பங்கு பெர்லைட் (எடையில்லாத வெள்ளை எரிமலைக்கல் துகள்), நுரைக்கல் துகள், உமி போன்று காற்றிடம் கொடுக்கும் பொருள் என்பது நம்பகமான தொடக்கம். மண்புழு உரம் நல்ல பொருள்தான், ஆனால் அதையே பாதித் தொட்டிக்குப் போட்டால் கலவை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கனத்துவிடும். மொத்தத்தில் 10 முதல் 20 சதவீதம் போதும்.

தென்னை நார்த்தூளில் உப்பு இருக்கலாம். கழுவாத தூளில் சோடியமும் பொட்டாசியமும் அதிகம். போதாக்குறைக்கு, அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து, கலக்கும்போது கொஞ்சம் ஜிப்சமும் சேர்த்தால் பின்னால் வரும் பல தலைவலிகள் குறையும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் வடிகால் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. உண்மையில் நடப்பது எதிர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல் அடுக்குக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நனைந்து ததும்பிய பிறகுதான் இறங்கும். தொட்டி அடியில் எப்போதும் தேங்கும் அந்த ஈரமான பகுதி, கல் போட்டால் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. அடி ஓட்டைகளை வலைத்துணியால் மூடிவிட்டு மேலிருந்து கீழ்வரை ஒரே கலவையை நிரப்புங்கள்.

தொட்டியின் அளவில் கஞ்சம் வேண்டாம். பாட்டில் உரத்தில் 5 லிட்டர் தொட்டியில்கூடச் செடியை ஓட்டிவிடலாம், ஏனென்றால் தினமும் வெளியிலிருந்து ஊட்டுகிறோம். இயற்கை முறையில் மண்தான் சமையலறையும் கிடங்கும். மிளகாய்க்குக் குறைந்தது 15 லிட்டர், தக்காளிக்கு 20 லிட்டருக்கு மேல் கொடுங்கள். பெரிய தொட்டியில் ஈரமும் வெப்பமும் சட்டென்று ஏறி இறங்காது, நுண்ணுயிர்களுக்கும் அது நல்லது. ஆனால் முளைவிட்ட நாற்றைச் சத்து மிகுந்த அந்தக் கலவையில் நேராக வைக்காதீர்கள். இளம் வேர் கருகும், நாற்றழுகலும் எளிதில் வரும். சத்துக் குறைந்த மெல்லிய கலவையில் முளைக்கவிட்டு, விதையிலைக்குப் பிறகு இரண்டு மூன்று உண்மையான இலை வந்ததும் மாற்றுங்கள்.

பாதி மக்கிய கம்போஸ்ட்டையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கையில் எடுத்தால் சூடாக இருக்கிறதா, அம்மோனியா நெடி அடிக்கிறதா, போட்ட பொருள் இன்னும் அடையாளம் தெரிகிறதா? அப்படியானால் அது தயாராகவில்லை. அதைச் சிதைக்கும் வேலைக்கு நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், செடி வெளிறிப்போகும். மரத்தூளை மண்ணுக்குள் கலந்தாலும் இதே கதைதான். மேலே மூடாக்காகப் பரப்பினால் அந்தப் பாதிப்பு அநேகமாக இல்லை.

தண்ணீர்

அதிகத் தண்ணீரால் செத்த செடிகள்தான் அதிகம். வேருக்கு ஆக்ஸிஜன் வேண்டும், மண்ணில் நல்ல வேலை செய்யும் நுண்ணுயிர்களுக்கும் வேண்டும். மண் சொதசொதவென்று இருந்தால் இரண்டும் மூச்சுத் திணறும். குழப்பம் என்னவென்றால், வேர் மூச்சுத்திணறும் செடியும் வாடித்தான் தெரியும். வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவார்கள்.

தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது நல்ல வழி. நனைந்த தொட்டிக்கும் காய்ந்த தொட்டிக்கும் உள்ள எடை வித்தியாசம் சில நாளில் கைக்குப் பழகிவிடும். தூக்க முடியாத பெரிய தொட்டியென்றால் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். அதற்காக முழுக்கக் காயவிடுவதும் தவறு. பீட் கலந்த மண் ஒருமுறை வறண்டுவிட்டால் தண்ணீரை ஏற்காது. ஊற்றியது ஓரமாக வழிந்து தட்டுக்கு வந்துவிடும், நடுவில் வேர்ப்பந்து காய்ந்தே கிடக்கும். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக, சில நிமிட இடைவெளியில் ஊற்றினால் சரியாக நனையும். தட்டில் வடிந்து நிற்பதை அப்புறப்படுத்திவிடுங்கள்.

குழாய்த் தண்ணீரின் குளோரின் மண்ணுயிர்களைக் கொன்றுவிடும் என்ற பயம் தேவைக்கு மேல் பரவியிருக்கிறது. மண்ணிலுள்ள கரிமப் பொருளோடு சேர்ந்ததும் மேற்பரப்பிலேயே அது பெரும்பாலும் செயலிழந்துவிடும். மனம் ஒப்பவில்லையென்றால் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றலாம். சில ஊர்களில் குளோரினுக்குப் பதிலாகச் சேர்க்கும் குளோரமின் மட்டும் அப்படிப் போகாது. நான் அதிகம் கவலைப்படுவது கடினத் தண்ணீரைப் பற்றி. அதிலுள்ள பைகார்பனேட் மாதக்கணக்கில் மண்ணைக் காரமாக்கும். கலவையின் பிஎச் (அமில-கார அளவு; 7 நடுநிலை) 6.0 முதல் 6.8 வரை இருந்தால் நல்லது. 7-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது.

ஈரமான மேல்மண்ணும் கம்போஸ்ட்டும் சேர்ந்த இடத்தில் பூஞ்சைக் கொசு வரும். பறக்கும் கொசு தொந்தரவு மட்டும்தான், சேதம் செய்வது மண்ணின் மேல் சில சென்டிமீட்டரில் இருக்கும் புழுக்கள். அவை பூஞ்சையையும் மெல்லிய வேர்களையும் தின்னும். மஞ்சள் ஒட்டும் அட்டை மாட்டி அதோடு விட்டுவிடுவது தவறு. அது பறப்பதை மட்டும் பிடிக்கும், எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் பார்க்க உதவும். மேல்மண்ணைக் காயவிடுங்கள், இந்தப் புழுக்களைக் கொல்லும் பிடிஐ என்ற பாக்டீரியாவைத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். முட்டையிலிருந்து கொசுவாக மூன்று நான்கு வாரம் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை என்று ஒரு மாதமாவது தொடர வேண்டும். ஒரே முறை ஊற்றிவிட்டுப் பலன் இல்லை என்பவர்கள்தான் நிறைய.

அவசர மருத்துவம்

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். திங்கட்கிழமை ஒரு இலை மஞ்சளாகத் தெரியும். உடனே பிண்ணாக்குத் தண்ணீர். வியாழக்கிழமையும் மஞ்சள் போகவில்லை. எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்). ஞாயிற்றுக்கிழமை எலும்புத் தூள். இரண்டு வாரம் கழித்து எல்லாமே ஒன்றாக வேலை செய்யத் தொடங்கும்போது நுனிகள் கருகும். எது காரணம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

இயற்கை உரம் பலன் காட்ட ஒன்று இரண்டு வாரமாவது வேண்டும். மண் குளிர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் நுண்ணுயிர்களின் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். குளிர்ந்த தரையில் வைத்த தக்காளி நாற்றின் இலையடி ஊதா நிறமாவது பல நேரம் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இல்லாததால் வருவதில்லை. குளிரில் வேர் அதை எடுக்க முடியாததுதான் காரணம். தொட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்தாலே சரியாகும்.

அதனால் உரப் பையைத் தொடும் முன் செடியைப் பாருங்கள். கீழ் இலைகள் முழுதாக வெளிறினால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். நுனித் தளிரில் நரம்பு பச்சையாக இருந்து இடையில் மட்டும் வெளிறினால் இரும்பு. அப்போது முதலில் பிஎச்-ஐப் பாருங்கள். வேர் மூச்சுத்திணறினாலும் இந்த அறிகுறிகள் வரும் என்பதால் மண்ணின் ஈரத்தையும் பாருங்கள். பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்து, பத்து நாள் காத்திருந்து, புதிதாக வரும் இலையைக் கவனியுங்கள். மஞ்சளான பழைய இலை பெரும்பாலும் திரும்பப் பச்சையாகாது. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் தவறான முடிவுக்குத்தான் போவோம்.

தக்காளியில் காயின் அடி கறுத்து அழுகும்போது முட்டை ஓடு போடச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். நுனி அழுகல் காயின் அந்த முனைக்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருகிறது. பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும். தண்ணீரோடு சேர்ந்துதான் அது செடிக்குள் நகரும், ஆகவே ஒரு நாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று ஊற்றினால் போய்ச் சேராது. நசுக்கிப் போட்ட முட்டை ஓடு அந்தப் பருவத்துக்குள் கரைந்து உதவாது. எப்சம் உப்பு நிலைமையை மோசமாக்கவும் கூடும், ஏனென்றால் மக்னீசியம் அதிகமானால் கால்சியத்தோடு போட்டி போடும்.

வேரோடு சேர்ந்து வாழ்ந்து சத்து எடுக்க உதவும் வேர்ப்பூஞ்சையின் (மைக்கோரைசா) பொடியை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடுகு, முட்டைக்கோஸ் குடும்பச் செடிகள் அந்தப் பூஞ்சையோடு உறவு வைப்பதில்லை. உறவு வைக்கும் செடிகளிலும், மண்ணில் மணிச்சத்து மிகுந்திருந்தால் அந்த உறவு வளராது. எலும்புத் தூளை அள்ளிப் போட்டுவிட்டு இந்தப் பொடியையும் தூவுவது ஒன்றையொன்று கெடுக்கும் வேலை. வெல்லப்பாகு சேர்த்து ஊறவைக்கும் கம்போஸ்ட் சாற்றைக் கீரை இலைமேல் தெளிப்பதும் வேண்டாம். அந்தச் சர்க்கரை, கேடு செய்யும் குடல் பாக்டீரியாக்களையும் பெருக்கக்கூடும்.

வெளிச்சம்

நம் கண் வெளிச்சத்தை அளக்க ஏற்ற கருவியல்ல. நமக்குப் பளிச்சென்று தெரியும் அறை செடிக்கு இருட்டு. தண்டு நீண்டு, கணுக்களுக்கு இடையே தூரம் கூடி, இலை சிறுத்தால் வெளிச்சம் போதவில்லை. வெளிச்சம் குறைந்த செடி தண்ணீரும் சத்தும் குறைவாகவே எடுக்கும் என்பதால், மண் ஈரமாகவே கிடந்து மேலே சொன்ன தொல்லைகள் எல்லாம் வரிசையாக வரும்.

செடிக்கு ஒரு நாளில் கிடைக்கும் மொத்த ஒளியை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மோல் (ஒளித்துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) என்று அளப்பார்கள். கீரை வகைகளுக்கு 12 முதல் 17 மோல், தக்காளி மிளகாய்க்கு 20 முதல் 30 மோல் தேவை. கருவி இல்லாவிட்டால் கைபேசியில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் செயலியே ஓரளவு வழி காட்டும். வெள்ளை எல்இடி என்றால் லக்ஸ் எண்ணைச் சுமார் 65-ஆல் வகுங்கள், வருவது ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் மைக்ரோமோல் (மோலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). செடி உச்சியில் 20,000 லக்ஸ் என்றால் ஏறக்குறைய 300 மைக்ரோமோல். அதை 16 மணி நேரம் கொடுத்தால் 17 மோல் ஆகிறது. கீரைக்குத் தாராளம், தக்காளிக்குப் போதாது. விளக்குப் பெட்டியில் பெரிதாக அச்சடித்த '1000 வாட்டுக்கு இணை' போன்ற எண்ணை விடுங்கள். அது உண்மையில் இழுக்கும் வாட்டைப் பார்த்து வாங்குங்கள்.

குறைகிறதே என்று 24 மணி நேரமும் எரியவிடாதீர்கள். இடைவிடாத ஒளியில் தக்காளி இலைகள் வெளிறிச் சேதமாகும். 16 மணி நேரம், கூடிப்போனால் 18, அதற்கு மேல் வேண்டாம். ஒரு டைமர் வாங்கி மாட்டிவிடுங்கள்.

விளக்கும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடம் இது என்பதால் மின்சாரத்தில் அலட்சியம் கூடாது. பல்முனைச் சொருகியைத் தரையில் போடாமல் சுவரில் உயர்த்தி மாட்டுங்கள். வயர் சொருகிக்குள் போகும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்க வேண்டும், அப்போதுதான் வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவைத் துண்டிக்கும் பிரேக்கர் கட்டாயம்.

காற்று, பூ, பூச்சி

சிறிய விசிறி ஒன்று இலைகள் லேசாக ஆடும் அளவுக்கு ஓடட்டும். ஒரே செடியின் முகத்தில் நாள் முழுக்க அடித்தால் இலை சுருண்டு காயும். விளக்கு அணைந்ததும் அறை குளிர்ந்து ஈரப்பதம் ஏறும் என்பதால் இரவிலும் விசிறி வேண்டும். இலை நனையாமல் இருந்தாலே சாம்பல் நோய் வராது என்று நினைக்க வேண்டாம், அதன் வித்துகளுக்கு ஈரக்காற்றே போதும்.

பூக்கிறது, ஆனால் காய்க்கவில்லை என்ற புகார் அறைக்குள் மிகச் சாதாரணம். தக்காளிக்கும் மிளகாய்க்கும் மகரந்தம் அதே பூவில் இருக்கிறது, அதிர்வுதான் இல்லை. தினமும் பகலில் பூக்காம்பை விரலால் சுண்டுங்கள். மின்சாரப் பல்துலக்கியின் பின்புறத்தைக் காம்பில் வைத்தாலும் நன்றாக வேலை செய்யும். பகலில் 32 டிகிரிக்கு மேலோ இரவில் 13 டிகிரிக்குக் கீழோ போனால் தக்காளியில் எவ்வளவு சுண்டினாலும் பூ உதிரும்.

புதிய செடி வாங்கினால் நேராக மற்றவற்றோடு வைக்காதீர்கள். இரண்டு வாரம் தனி அறையில் வைத்து இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். செஞ்சிலந்தியும் இலைப்பேனும் பெரும்பாலும் இப்படித்தான் உள்ளே வருகின்றன, வந்தபின் தடுக்க அறைக்குள் எதிரிப் பூச்சி கிடையாது. வேப்பெண்ணெய் தெளிப்பதானால் விளக்கு அணைந்த பிறகு தெளியுங்கள், ஒளியின் கீழே எண்ணெய் படிந்த இலை கருகும்.

அறுவடைக்குப் பின்

பழைய மண்ணைக் கொட்டிவிடுவது இந்த முறையில் பெரிய நட்டம், ஏனென்றால் நன்றாகப் பேணிய மண் அடுத்தடுத்த பயிர்களில் மேம்படும். தண்டை மண் மட்டத்தில் வெட்டிவிட்டு வேரை உள்ளேயே மக்கவிடலாம், நோயுற்ற செடியாக இல்லாவிட்டால். மேலே ஒரு விரற்கடை கம்போஸ்ட் பரப்பி, மூடாக்குப் போட்டு, லேசான ஈரத்தில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் போட்ட எல்லா உரத்தையும் அதே அளவில் திரும்பப் போடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. தழைச்சத்து தீர்ந்துவிடும், ஆனால் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) உப்பும் தேங்கிக்கொண்டே போகும். மழை கழுவிக்கொண்டு போகாத தொட்டியில் இது இன்னும் வேகம். ஆண்டுக்கு ஒருமுறை மண் பரிசோதனை செய்து, குறைவதை மட்டும் சேருங்கள்.