ராத்திரி மிக்சரை நிறுத்திய ஸ்விஷ் பயிற்சி: என் அனுபவம்

பகல் முழுக்கச் சாப்பாடு அளவோடுதான் இருக்கும், ராத்திரி பத்து மணிக்கு மேல் டிவி முன்னால் மிக்சர் டப்பா காலியாகிவிடும், எடை இறங்கவே இல்லை. டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றினேன். ஸ்டூல் போட்டு எடுத்தேன்.

அப்புறம்தான் என்எல்பி (நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங்), அதாவது மனப்படங்களையும் சொற்களையும் வைத்துப் பழக்கத்தை மாற்றப் பார்ப்பது. 1970களில் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் பாண்ட்லரும் ஜான் கிரைண்டரும் உருவாக்கிய முறை. முதலில் ஆங்கரிங் செய்து பார்த்தேன்: இரண்டு விரலைச் சேர்த்து அழுத்தி, வயிறு நிறைந்த உணர்வை வரவழைப்பது. மிக்சர் அள்ளுகிற வேகத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

அடுத்து ஸ்விஷ். பழைய படத்தை (விட நினைக்கிற பழக்கம்) மனதில் பெரிதாகவும், அதன் மூலையில் புதிய படத்தை (அந்தப் பழக்கம் விட்டுப்போன நாம்) சின்னதாக மங்கலாகவும் வைத்துச் சட்டென்று இடம் மாற்ற வேண்டும். மிக்சரையே பழைய படமாக வைத்தால் எச்சில்தான் ஊறுகிறது! வைக்க வேண்டியது, தின்பதற்குச் சற்று முன்னால் என் கண்ணுக்குத் தெரிகிற காட்சி: எவர்சில்வர் மூடியை நோக்கிப் போகும் என் வலது கை. புதிய படத்தில் மட்டும் நம்மை வெளியிலிருந்து பார்க்க வேண்டும். இன்னொன்றைப் பலர் விட்டுவிடுவார்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே கண்ணைத் திறந்து மனத்திரையைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் புதிய படத்திலிருந்து பழைய படத்துக்குத் திரும்பி வருகிற பாதையும் சேர்ந்தே பழகிவிடும்.

இப்போது மூடியைத் தொட்டதும் கை ஒரு நொடி நிற்கிறது, எழுந்து போய்ப் பல் தேய்த்துவிடுகிறேன். அப்பாடா! எடை குறைந்தது தீனி குறைந்ததால்தான். என்எல்பிக்கு உறுதியான ஆய்வுச் சான்று குறைவு. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ராத்திரித் தீனியை நிறுத்துங்கள்.